ஜன்னல் கம்பியும் ஞாயிற்றுக்கிழமையும்

சகோதரிகளே, உங்கள் வீட்டில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர் யாராவது இருக்கிறாரா? உங்கள் கணவராக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், நீங்களேகூட இருக்கலாம். வயது விஷயத்தில் நான் மேற்கொண்டு வாய் திறக்க மாட்டேன்! இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சின்ன வயசிலே டி.வி.யில் என்ன பார்த்தீர்கள்?"

அப்புறம் ரசம் ஆறிப் போனாலும் அவர் கவனிக்க மாட்டார். வாசலில் பால்காரர் கணக்குக் கேட்டு நின்றாலும் காதில் விழாது. வேதாளம் வந்துவிடும், கைக்கடிகாரத்தில் பேசினால் ஓடிவரும் இரும்பு மனிதன் வந்துவிடுவான், ஓநாய்கள் வளர்த்த பையன் மரத்துக்கு மரம் தாவுவான். ஆபீசில் நாலு பேரை மிரட்டிக்கொண்டிருக்கும் மனிதர் பத்து வயதுப் பையனாகி, கையைக் காலை ஆட்டிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

இந்தக் கேள்வியை மதுரைப் பக்கத்தில் கேட்டால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஊர்க் குழந்தைகளில் பலர் முதன்முதலில் பார்த்த படம் டில்லியிலிருந்தும் வரவில்லை, சென்னையிலிருந்தும் வரவில்லை. கடல் தாண்டி, சிலோனிலிருந்து வந்தது!

அது எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

நம் தேசத்தில் டெலிவிஷன் பரீட்சார்த்தமாக ஆரம்பமானது 1959 செப்டம்பர் 15-ந் தேதி, டில்லியில். சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகஸ்டு 15 ஆயிற்று. ஆனால் சென்னைக்கு வந்ததால் மதுரைக்கு என்ன லாபம்? டி.வி. அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற சரக்கு, பூமியோ உருண்டை. சென்னையிலிருந்து மதுரை காக்கை பறக்கும் வழியிலேயே நானூறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு அந்த அலை வளைந்து கொடுத்து வராது. பட்டணத்துக்குப் போய் வந்த உறவுக்காரர்கள், "அங்கே வீட்டுக்குள்ளேயே சினிமா வருது" என்று சொல்ல, இங்கே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

1982 பிப்ரவரி 15-ந் தேதி இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. அந்தத் தீவின் மிக உயரமான மலை பிதுருதலாகலை. 2,524 மீட்டர் உயரம். அதன் தலையில் ஒரு கோபுரம். வடக்கே கொக்காவிலில் இன்னொரு கோபுரம். நடுவிலே மலையும் இல்லை, கட்டடமும் இல்லை, வெறும் கடல். வெயில் காலத்தில் காற்று அசையாமல் நிற்கும்போது, கடலுக்கு மேலே சூடும் குளிர்ச்சியுமாகக் காற்று அடுக்கடுக்காகப் படியும். அந்த அடுக்குகளுக்கு நடுவே டி.வி. அலை மாட்டிக்கொண்டால், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி, பூமியின் வளைவையும் அனுசரித்து வெகு தூரம் ஓடிவிடும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைக்கு மட்டுமல்ல. உயரமாகக் குழாய் நட்டு, பூஸ்டரும் வைத்தவர்களுக்கு மதுரை வரைக்கும் அது எட்டியது.

அந்தக் குழாய் இருக்கிறதே, அது ஒரு தனிக் காவியம். வீட்டைவிட அது உயரமாக இருக்கும். மொட்டைமாடியில் ஓர் அண்ணன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூடத்தில் ஒரு பையன், படிக்கட்டில் ஒரு பெண், மாடியில் அண்ணன். இது அந்தக் காலத்து டெலிபோன்!

"தெரியுதாடா?"

"இல்லண்ணே! இன்னும் கொஞ்சம் கெழக்கால திருப்புங்க!"

"இப்ப?"

"தலை மட்டும் தெரியுதுண்ணே!"

"தலை வந்திருச்சா? அப்ப உடம்பும் வந்திரும். இரு!"

வந்த படமோ புள்ளி புள்ளியாக, கார்த்திகை மாதத்து மழை மாதிரி. பேச்சோ சிங்களம். இருந்தாலும் குழந்தைகளுக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. பூனை ஓடினால் ஓடுகிறது. எலி ஜயித்தால் ஜயிக்கிறது. அதற்கு ஏன் பாஷை? அந்த நாட்டில் டைட்டஸ் தொட்டவத்த என்ற சினிமா டைரக்டர் ரூபவாஹினியில் சேர்ந்து, டாக்டர் டூலிட்டில் போன்ற வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் அழகாகப் பேச வைத்தார். சிங்களக் குழந்தைகளுக்காக அவர் பாடுபட்டதில், கூப்பிடாமலே போய் உட்கார்ந்துகொண்ட விருந்தாளிகள் நம் தென் ஜில்லாக் குழந்தைகள்!

இதிலே மனசை உறுத்துகிற ஒரு சங்கதியும் உண்டு. 1983 ஜூலையில் அந்தத் தீவில் கலவரம் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளோடு கடல் தாண்டி வந்து மண்டபம் முகாமில் தங்கினார்கள். அதே கடலைத் தாண்டித்தான் கார்ட்டூனும் வந்துகொண்டிருந்தது. செய்தி நேரத்தில் பெரியவர்கள் முகம் சுருங்கும். படம் வந்ததும் குழந்தைகள் முகம் மலரும். ஒரே பெட்டி, ஒரே கூடம். அதை என்னவென்று சொல்வது?

பிறகு எண்பதுகளில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. ஏழாயிரம் அடி உயரத்து மலை. மதுரைக்கு நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. சோழவந்தான், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று வயல்வெளி முழுவதும் அதன் பார்வையில் படும்படி உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஏரியல்கள் எல்லாம் ஒரு நாள் வடமேற்காகத் திரும்பிக்கொண்டன. ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருந்தது!

சாயங்காலம் சென்னை நிலையத்தின் 'கண்மணிப் பூங்கா'. பட்டணத்துக் குழந்தைகள் தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து, பாடுவார்கள்; கதை சொல்வார்கள். "நம்ம புள்ளை பாடுனா இதைவிட நல்லாப் பாடுமே!" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அப்பத்தா சொல்லியிருப்பார். அது வருவதற்குள் குழந்தைகள் 'வயலும் வாழ்வும்' பார்த்தாக வேண்டும். சிம்மக்கல்லில் பிறந்து, நெல் வயலில் ஒரு நாள்கூடக் கால் வைக்காத பிள்ளைகளுக்கெல்லாம், குருத்துப் பூச்சிக்கு என்ன மருந்து என்பது தலைகீழ்ப் பாடம். நடுவிலே 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்து நிற்கும். அதையும் கண் கொட்டாமல் பார்த்தோம். பொறுமை என்ற குணம் அந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் உண்டென்றால், அதை வளர்த்த புண்ணியம் அந்த அட்டையைத்தான் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை டில்லியின் ராஜ்யம். எல்லாம் இந்தி. இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். இந்தி வேண்டாமென்று பெரியவர்கள் மறியல் செய்த ஊர் இது. அந்த ஊரில், ஓர் அட்சரம் இந்தி தெரியாத குழந்தைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்து 'விக்ரம் அவுர் பேதாள்' பார்த்தார்கள். அது 1985-ல் வந்த தொடர். ராமானந்த் சாகர் எடுத்தது. எப்படிப் புரிந்தது? ரகசியம் அலமாரியில் இருந்தது. 1947 முதல் வந்துகொண்டிருந்த 'அம்புலிமாமா'வில் வேதாளக் கதைகளைப் படித்திருந்தார்கள். தோளிலே பிணத்தைச் சுமந்து, கையிலே வாளோடு நடக்கிற விக்கிரமனின் சித்திரத்தை மாதா மாதம் பார்த்திருந்தார்கள். வேதாளம் எப்போது கேள்வி கேட்கும், ராஜா எப்போது வாய் திறப்பான், வேதாளம் எப்போது முருங்க மரத்துக்குப் பறக்கும் என்பதெல்லாம் தெரியும். பெட்டி பேசியது இந்தி. குழந்தை கேட்டது தமிழ்! படித்த குழந்தைக்குப் படம் இரட்டிப்பு ருசி. புத்தகத்துக்கு டி.வி. சத்துரு என்று சொல்கிறவர்களுக்கு நான் இந்த ஒரு உதாரணத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

1986-ல் 'மால்குடி டேஸ்' வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகள், சங்கர் நாக் இயக்கம், படம் பிடித்தது கர்நாடகத்து ஆகும்பேயில். சங்கீதம் நம் எல். வைத்தியநாதன். அந்த முகப்பு இசையை இன்றைக்கும் யாராவது முணுமுணுத்தால், பாதி வழியில் போகிறவர்கூட நின்று மீதியைப் பாடுவார். ஸ்கூலுக்குப் போகப் பயந்த சுவாமியைப் பார்த்து, திங்கட்கிழமைக் காலை வயிற்று வலிக்காரர்கள் எல்லோரும் "இவன் நம்ம ஆளு" என்று கண்டுகொண்டார்கள். 1967-ல் ஜப்பானில் எடுத்த 'ஜயன்ட் ரோபோட்' இங்கே வந்தபோது, ஓடாத கைக்கடிகாரத்துக்கெல்லாம் கிராக்கி வந்துவிட்டது. அதிலே பேசினால் இரும்பு மனிதன் வருவான் அல்லவா? 1993-ல் 'ஜங்கிள் புக்'. அதுவும் ஜப்பானியர் வரைந்ததுதான். விஷால் பரத்வாஜ் மெட்டமைத்த அதன் பாட்டு, அர்த்தம் தெரியாத வாய்களில்கூடத் தப்பில்லாமல் உருண்டது.

இவ்வளவும் இனிப்பு. கசப்பையும் சொல்லத்தானே வேண்டும்?

ஒரு தெருவில் எத்தனை வீட்டில் டி.வி. இருந்தது? எங்கள் தெருவில் இரண்டு. மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, மேலே ஒரு பூவேலை செய்த துணி. வீட்டுக்காரருக்கு அது பாதி சாமி. ஒரு வீட்டில் சினிமாவுக்கு நாலணா வாங்கினார்கள். இன்னொரு வீட்டு அத்தை தாராள மனசுக்காரர். காலைக் கழுவிக்கொண்டு வந்தால் கூடத்தில் உட்காரலாம். சில நாள் முறுக்கும் கிடைக்கும். ஆனால் அந்தக் கூடத்துக்கும் ஒரு கணக்கு இருந்தது. யார் நாற்காலி, யார் பாய், யார் வெறுந்தரை, யார் வாசற்படி என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

எங்கள் வயதுப் பெண் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பாள். அவள் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, செருப்பில்லாத காலைத் திண்ணை விளிம்பில் ஊன்றி, ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பாள். பெரியவர்கள் யாரும் அவளை உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. போ என்று விரட்டவும் இல்லை. அந்தக் காலத்து நல்லவர்களின் நல்லதனம் அந்த ஜன்னலோடு நின்றது.

உள்ளே இருந்தவர்களுக்கு இந்தி புரியாது. வெளியே இருந்த அவளுக்குச் சத்தமே கேட்காது. மறுநாள் குழாயடியில் அவள்தான் கதை சொல்வாள். ராஜா இப்படிச் சொன்னான், வேதாளம் அப்படிக் கேட்டது என்று மதுரைத் தமிழிலே அவளாக இட்டுக்கட்டுவாள். டி.வி.யில் வந்ததைவிட அது நன்றாக இருக்கும். கூடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து பார்த்தவர்கள், குடத்தை வைத்துவிட்டு அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். அவளுக்குள் இருந்த அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அப்புறம் என்ன வழி பிறந்தது என்று கேட்காதீர்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது.

இன்னொரு ஜன்னலும் உண்டு. அது வீட்டுக்குள்ளேயே இருந்தது. சமையலறை வாசல் என்று பெயர். 1987 ஜனவரியில் 'ராமாயண்' ஆரம்பமாயிற்று. 1988 அக்டோபரில் 'மகாபாரத்'. ஞாயிற்றுக்கிழமைக் காலை தெருவே வெறிச்சென்று இருக்கும். அம்மா எங்கே? கையில் கரண்டியோடு நிலைப்படியில். இட்லித் தட்டு ஒரு கண். சீதை ஒரு கண். சரியான கட்டத்தில்தான் முனிசிபல் குழாயில் தண்ணீர் வரும். உடனே, "ஏத்தா, குடத்தை எடுத்துக்கிட்டு ஓடு!" என்று உத்தரவு பிறக்கும். ஓடுவது பையனா? இல்லை. வீட்டுப் பெண். எத்தனையோ பெண்கள் சிறுவயதில் பார்த்த கதைகளுக்கெல்லாம் நடுவிலே ஒரு குடம் அளவு ஓட்டை உண்டு. உங்களுக்கும் உண்டோ, சகோதரி?

பின்னால் காலம் வேகமாக உருண்டது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டில் சன் டி.வி. பிறந்தது. வீட்டுக்கு வீடு கேபிள் கம்பி ஓடியது. மதுரையிலேயே குடியிருந்து எழுதிய இந்திரா சௌந்தர்ராஜனின் கதையில் 'மர்மதேசம்: விடாது கருப்பு' வந்தபோது, அது குழந்தைகள் தொடரே இல்லை என்றாலும், போர்வைக்குள் ஒளிந்துகொண்டு குதிரைக் குளம்படியைக் கேட்டு நடுங்கிய குழந்தைகள் கணக்கில் அடங்கார். அந்த எழுத்தாளர் 2024 நவம்பரில் மதுரையிலேயே காலமானார். அவர் பெயரைக் கேட்டதும், இன்றைக்கு நாற்பது வயதானவர்கள், "ராத்திரி பாத்ரூம் போகத் துணைக்கு ஆள் தேடினோமே!" என்றுதான் அஞ்சலி செலுத்தினார்கள். எழுத்தாளனுக்கு அதைவிடப் பெரிய மாலை உண்டா?

1997-ல் 'சக்திமான்' வந்தான். பாதி தேசத்துப் பிள்ளைகள் ஒற்றைக் கையை உயர்த்திச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆபத்தில் சிக்கினால் சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று குழந்தைகள் விபரீதத்தில் இறங்குவதாகச் செய்திகள் வர, நடிகர் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இப்படியெல்லாம் செய்யக் கூடாதென்று சொல்ல வேண்டியதாயிற்று. 2004-ல் 'மை டியர் பூதம்'. மூசா என்ற குட்டிப் பூதம் தமிழிலேயே பேசியது. 2007 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்றே சுட்டி டி.வி. டோரா தமிழில் வழி கேட்டாள். நாலு வயதுக் குழந்தை திரையைப் பார்த்துப் பதில் சொல்லிற்று. இந்தி வேதாளத்தோடு மல்லுக்கட்டிய அம்மாக்கள் அதைப் பார்த்து, "எங்களுக்கு இது கிடைக்கவில்லையே!" என்று பெருமூச்சு விட்டார்கள்.

நடுவிலே 2006-ல் ஒரு காரியம் நடந்தது. தமிழ்நாட்டு அரசு ஏழை எளியவர்களுக்கு இலவசமாக வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. ஐந்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிற்று. இதைப் பற்றி அவரவர் அரசியல்படி அபிப்பிராயம் சொல்லட்டும். நான் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுகிறேன்: அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்பதை நான் பார்க்கவில்லை.

ஆகையால், "அந்தக் காலம் பொற்காலம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம்" என்று யாராவது உருகினால், "எல்லோரும் என்றால் யார் யார்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஜன்னல் காலியானது நல்லதுதான். ஆனால் கூடமும் காலியாகிவிட்டதே, அதற்கு என்ன செய்வது? இப்போது ஆளுக்கு ஒரு போன். பெரியவன் ஒரு மூலையில், சின்னவள் கட்டிலுக்கு அடியில், காதிலே ஒரு மிஷின். ஒருத்தர் சிரித்தால் எதற்கென்று இன்னொருத்தருக்குத் தெரியாது. 2019-ல் அரசாங்கத்தின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடமே அதில் வந்தது. போன் இல்லாத வீட்டுக் குழந்தைக்கு அன்றைக்குத் துணை நின்றது அந்தப் பழைய பெட்டிதான். 'பொதிகை' என்று பழகிய தூர்தர்ஷன் 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆகிவிட்டது. கண்மணிப் பூங்காவின் நாடகங்களையும் பாட்டுகளையும் இன்றைக்குத் தேடினால் கிடைப்பது அரிது. அவற்றில் பெரும்பாலானவை இப்போது உங்கள் ஞாபகத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே ஒரு யோசனை. போனைப் பிடுங்குங்கள் என்று சொல்லமாட்டேன். பிடுங்கினால் வீட்டில் மகாபாரத்தே நடக்கும். வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம், ஒரே ஒரு படம், ஒரே திரை, எல்லோரும் தரையில். நிபந்தனைகள் மூன்று. முதலாவது, பக்கத்து வீட்டுக் குழந்தையையும், உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரின் குழந்தையையும் கூப்பிட்டு நடுக் கூடத்தில் உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது, முடிந்ததும் ஆளுக்கு ஒரு தரம் கதையைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். இட்டுக்கட்டினாலும் பாதகமில்லை, இட்டுக்கட்டினால்தான் ரசம். மூன்றாவது, இதுதான் முக்கியம்: அம்மாவும் உட்கார வேண்டும். நிலைப்படியில் அல்ல, நடுவிலே, காலை நீட்டிக்கொண்டு.

தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்கிறீர்களா? அன்றைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு பையன் ஓடட்டும்!